“நல்லா இருக்கு” என்றால் விளையாட்டு திருந்தாது

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் இப்போது சொந்தமாகக் கணினி விளையாட்டு செய்கிறார்கள். 2017இல் முதல் படிவத்தில் அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் அறிமுகமானது; அதை எடுப்பவர்களுக்கு ‘ஸ்கிராட்ச்’ பழகிய பெயர். மவுஸை நகர்த்தினால் மீன் நகரும், இரையைப் பிடித்தால் புள்ளி கூடும். அவ்வளவுதான் விளையாட்டு. நாமும் இரண்டு நிமிடம் ஆடிவிட்டு, “நல்லா இருக்கு!” என்று முதுகைத் தட்டிவிட்டுப் போகிறோம். செய்த பிள்ளைக்கு இதனால் புதிதாக ஒன்றும் தெரியாது.

2015 ஏப்ரலில் பிரேசிலைச் சேர்ந்த 19 வயது மாத்தேயஸ் வலடாரஸ், உலாவியில் மவுஸால் ஆடும் ஒரு விளையாட்டைப் பெயர்கூட வைக்காமல் இணையத்தில் விட்டார். ‘அகார்.ஐஓ’ என்ற பெயரையே ஆட வந்த யாரோ ஒருவர்தான் சொன்னார். நுண்ணுயிர் வளர்க்கும் தட்டில் ஊற்றும் அகார் அது. நம் பெருநாள் விருந்துகளில் வரும் அதே அகார்-அகார், மலாய்ச் சொல். அது ஆய்வகத்துக்குப் போனதும் ஓர் இல்லத்தரசியின் யோசனையால்தான். ஜெலட்டின் வெயிலில் உருகுகிறதே என்று கணவர் தவித்தபோது, 1881இல் ஃபேனி ஹெஸ்ஸே தம் சமையலறைப் பொருளைக் காட்டினார். சாவா தீவில் வாழ்ந்தவர்களிடமிருந்து அவருக்குத் தெரியவந்த பொருள் அது.

ஆடுபவர் சொல்வதை அப்படியே செய்ய வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். “கஷ்டம்” என்பது நோயின் அறிகுறி. மருந்தைச் செய்தவர்தான் தேட வேண்டும். 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். இலக்கு தூரமாகவும் சிறியதாகவும் இருக்க இருக்க, கை அதை எட்டும் நேரம் கூடும். தூரத்தையும் அகலத்தையும் சேர்த்தே இரட்டிப்பாக்கினால் சிரமம் மாறாது. ஆகவே “கஷ்டம்” என்று கேட்டதும் வேகத்தைக் குறைக்க ஓடாமல், இரையின் அளவை முதலில் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடச் சுவையானது. ஒரே விளையாட்டை ஒருவன் “ரொம்ப வேகம்” என்கிறான், இன்னொருத்தி “ஆமை மாதிரி போகுது” என்கிறாள். இருவரும் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் எழுதும் பெரிய பிள்ளைகள், திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் மீனை 5 புள்ளி நகர்த்து என்று எழுதிவிடுகிறார்கள். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் மீன் 300 புள்ளி போகும். 144 முறை புதுப்பிக்கும் புதுத் திரையில் 720. தோட்டத்து வீட்டில் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினி 30க்குத் திணறினால் வெறும் 150தான். கழிந்த நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிட்டால் இந்த வேறுபாடு போய்விடும். ஆனால் பழைய கணினியில் ஆடியவள் வாய் திறக்காவிட்டால் இது யாருக்குத் தெரியும்? நம் பிள்ளைகளில் பலரிடம் மவுஸே கிடையாது, விரலால் தடவும் பலகைதான். அதில் ஆடித் தோற்றவன், தனக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்று பேசாமல் ஒதுங்கிவிடுகிறான்.

பள்ளி அறிவியல் விழாக்களில் நடுவர்கள் மதிப்பெண் போடட்டும், தவறில்லை. அதற்கு முந்திய வாரம் வேறு வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை உட்கார வைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல் ஆட விடுங்கள். செய்தவர் பின்னால் நின்று கையையும் திரையையும் கவனித்து, எந்தக் கணினி, எந்த இடத்தில் தோற்றார்கள், அப்போது என்ன செய்ய நினைத்தார்கள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.