சுகர் குறைந்தால் கைதட்டும் குடும்பங்களுக்கு

பதிவு நீளம். படிக்காமல் கட்டைவிரல் மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் அதையும் போடாமலே போகலாம், எனக்கு வருத்தமில்லை.

மார்கழியில் ஒருநாள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், அண்ணன் முறையில் ஒருவருடைய மகன் தன் மாமனாரின் சுகர் மீட்டரைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். வெறும் வயிற்றில் 58. “மூணு மாசமா இனிப்பைக் கண்ணுலயே காட்டலை. ரிசல்ட் பாருங்க” என்று பெருமையாக ஒரு வரி. கீழே கைதட்டல், பூங்கொத்து, “சூப்பர் மாப்ளே”. நான் உடனே போன் போட்டேன். “மாமா இப்ப என்னப்பா பண்றாரு?” “படுத்திருக்காரு அத்தை. எழுப்பினா எரிஞ்சு விழறாரு. வேர்த்துக் கொட்டுது, ஃபேன் பத்தலைன்னு நினைக்கிறேன்.”

மார்கழிக் காலையில் ஃபேன் பத்தவில்லையாம்! எழுப்பி உட்கார வைத்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடு, மற்றதை அப்புறம் பேசலாம் என்றேன். அரைமணி நேரத்தில் அந்த மனிதர் எழுந்து பேப்பர் கேட்டாராம்.

அந்தப் பையன் பொறியியல் படித்தவன். கைதட்டியவர்களில் இரண்டு பேர் பட்ட மேற்படிப்பு. ஒருவருக்கும் 58 என்பது ஆபத்தான எண் என்று தோன்றவில்லை. காரணம், நம் வீடுகளில் சர்க்கரை நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: தடுப்பது. இதைத் தின்னாதே, அதைத் தொடாதே. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று 2023-இல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வு சொன்னது. அப்படியானால் இத்தனை கோடி வார்டன்களும் நாட்டில் இருக்கிறார்கள் என்றுதான் நான் கணக்குப் போடுகிறேன். நோயாளியைக் குற்றவாளியாக்கி, ஃபிரிட்ஜுக்குக் காவல் நிற்பதுதான் அன்பு என்று நினைக்கிறோம்.

கல்யாணப் பந்தியில் பாருங்கள். “அவருக்கு சுகர், ஜாங்கிரி வைக்காதீங்க” என்று நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி ஒருவர் சத்தம் போடுவார். அதே மனிதர் எட்டு மணிக்குப் பந்தி என்று நம்பி ஏழரைக்கே இன்சுலின் போட்டுக்கொண்டு, ஒன்பதேகால் வரை மண்டப வாசலில் வயிறு காய நின்றதை எவரும் கேட்கவில்லை. ஜாங்கிரியால் அன்று அவருக்கு வரக்கூடிய கெடுதலைவிட, அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தால் வரக்கூடிய கெடுதல் பல மடங்கு பெரிது.

நான் முப்பத்து மூன்று வருடம் அறிவியல் நடத்தியவள், டாக்டர் அல்ல. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எட்டாம் வகுப்புப் பாடம் போதும். மூளைக்கு அன்றாட எரிபொருள் குளுக்கோஸ். சேமித்து வைக்க அதற்கு இடமில்லை, ரத்தம் நிமிடத்துக்கு நிமிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ரத்தத்தில் அளவு 70-க்குக் கீழே இறங்கினால் உடம்பு மணி அடிக்கிறது: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி. அதையும் கவனிக்காமல் விட்டு 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாறுகிறது. பேச்சு குழறும், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். அதற்கும் கீழே வலிப்பு, மயக்கம். சில பேருக்கு ஒரு பக்கம் கை கால் விளங்காமல் போய், பக்கவாதம் என்றே தோன்றும்.

இந்தக் கோபத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அக்காவுக்கு வயது 69. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐப்பசியில் கந்த சஷ்டி விரதம் இருந்தாள். விரதம் சாப்பாட்டுக்குத்தான், மாத்திரைக்கு இல்லை என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு டம்ளர் தண்ணீரோடு பூஜையில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு எழுந்து வந்தவள், “என் அடுப்பை யாருடி மாத்தினது?” என்று மருமகளைத் திட்ட ஆரம்பித்தாள். இருபது வருடமாக அதே அடுப்புதான். மருமகள் அழுகிறாள், மகன் “அம்மாவுக்கு வயசாயிடுச்சு, விடு” என்கிறான். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு படி மேலே போய் இது மறதி நோயின் ஆரம்பம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டாள். நான் பிரசாதம் வாங்கப் போனவள், பையில் மீட்டர் இருந்தது. குத்திப் பார்த்தால் 43.

யோசித்துப் பாருங்கள். மாமியார் கொடுமை, வயசுக் கோளாறு, மறதி என்று மூன்று பெயர் வைத்தார்கள். நாலாவது பெயர் அந்த வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. இப்படி ‘குணம் மாறிவிட்டது’ என்று ஒதுக்கப்பட்ட எத்தனை அப்பாக்கள், எத்தனை பாட்டிகள் நம் ஊரில் வெறும் குளுக்கோஸ் இல்லாமல் கத்திக்கொண்டிருக்கிறார்களோ! மருந்து சாப்பிடும் சர்க்கரை நோயாளி திடீரென்று வம்பு பண்ணினால், முதலில் மீட்டரை எடுங்கள். பதில் பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். மீட்டர் கையில் இல்லையென்றால் லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு இனிப்பைக் கொடுங்கள். அளவு ஏற்கெனவே அதிகமாக இருந்தால்கூட மூன்று ஸ்பூன் சர்க்கரையால் அந்த நேரத்தில் பெரிய கேடு வராது.

வயதானவர்களிடம் இன்னொரு சங்கடம். அடிக்கடி லோ சுகர் வந்தவர்களுக்கு உடம்பு மணி அடிப்பதையே நிறுத்திவிடும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற சில மாத்திரைகள், அட்டெனலால் மாதிரி, நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். அதைத்தான் நாம் ஃபேனைக் கூட்டி வைத்துச் சமாளிக்கிறோம்.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்யாது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து உடம்பை விட்டு வெளியேறவும் நேரமாகும். உங்கள் வீட்டு மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்திருக்கிறீர்களா? மருந்தின் நிறம் சொல்லத் தெரிகிறது, பெயர் தெரியவில்லை!

படிக்கும்போது வோக்லிபோஸ் என்ற பெயரும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மருந்தை ஒன்றாக்கிய மாத்திரைகளில் இது நிறைய வருகிறது. நாம் சாப்பிடும் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸ் ஆவதைத் தாமதப்படுத்துவதுதான் இதன் வேலை. ஆகவே இவர்களுக்கு லோ சுகர் வந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். அக்கா வீட்டில் இப்போது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா, பூஜை அறையில் ஒரு டப்பா.

அளவும் முக்கியம். சுமார் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸோ சர்க்கரையோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு தடவை. தாண்டியபின் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். லட்டும் சாக்லேட்டும் முதலுதவி இல்லை, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தேன் தடவுகிறேன் என்று விரலை விடாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமிபிரைடு வகை மாத்திரையால் மோசமாக இறங்கியவர் தெளிந்துவிட்டார் என்று அப்படியே தூங்க விடாதீர்கள். மருந்து உள்ளே இருக்கும்வரை மறுபடி இறங்கும், அதனால் ஆஸ்பத்திரியில் காட்டுவதுதான் சரி.

இதைப் பேசினால் உடனே ஒரு கூட்டம் கிளம்பும். “டீச்சர், சுகர் அதிகமானாத்தானே கிட்னி போகுது, கண்ணு போகுது, காலை எடுக்கறாங்க? நீங்க என்ன, இனிப்பு சாப்பிடச் சொல்றீங்களா?” இல்லை. அதிகச் சர்க்கரை செய்யும் கேடு முழுக்க உண்மை. ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், மங்கல் பார்வை இருந்தால் அதையும் உடனே காட்டத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் அது வருடக்கணக்கில் அரிக்கிறது. இறங்கிய சர்க்கரை ஒரு மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கும். முதலாவதற்கு மட்டும் பயப்படக் கற்றுக்கொடுத்துவிட்டு, இரண்டாவதற்குக் கைதட்டுகிறோம், அதுதான் என் சண்டை.

குறையக் குறைய நல்லது என்ற நம்பிக்கையை மருத்துவ உலகமே சோதித்துப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து அக்கார்டு என்றொரு ஆய்வு நடந்தது. மூன்று மாதச் சராசரியை 6-க்கும் கீழே இறக்க முயன்ற பிரிவில் இறப்பு அதிகமாக இருந்ததால், 2008-இல் அந்தத் தீவிர சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். வேறு நோய்களும் சேர்ந்த முதியவர்களுக்கு அந்தச் சராசரி 8 வரை இருக்கலாம் என்றே இன்று பல டாக்டர்கள் சொல்கிறார்கள். எண்பது வயது அப்பாவுக்கும் நாற்பது வயது மகனுக்கும் ஒரே இலக்கு வைக்கிற வழக்கம் நம் வீட்டு வார்டன்களுக்கு மட்டும்தான்.

சர்க்கரையை ஊஞ்சல் ஆட்டுவதும் பெரும்பாலும் நாம்தான். ராத்திரி “சுகர் இருக்கு, ஒரு சப்பாத்தி போதும்” என்று குறைக்கிறோம், மருந்து பழைய அளவு. விடிகாலை 3 மணிக்கு இறங்குகிறது. தலையணை நனைந்து, கெட்ட கனவு கண்டு எழுந்து, பசியில் கையில் கிடைத்ததையெல்லாம் தின்கிறார். காலையில் 280. உடனே திட்டு, “ராத்திரி திருட்டுத்தனமா தின்னிருக்கீங்க”. நாமே அரை மாத்திரை கூட்டிக் கொடுக்கிறோம். அன்று மதியம் மறுபடி இறங்குகிறது. டாக்டரிடம் 280-ஐ மட்டும் சொல்கிறோம், நனைந்த தலையணையைச் சொல்வதில்லை. அவர் பாவம், கேட்டதை வைத்து மருந்தைக் கூட்டுகிறார்.

இன்சுலின் போடும் வீடுகளுக்கு இரண்டு விஷயம். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டிப்போன தோலில் மருந்து ஒருநாள் போல் ஒருநாள் இறங்காது, இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். அடுத்தது சிரிஞ்சு: சிவப்பு மூடி 40 யூனிட் மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் மருந்துக்கு. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு கூடலாம், குறையலாம். கடைக்காரர் கொடுத்ததை மூடி பார்க்காமல் வாங்காதீர்கள்.

மருந்தை நிறுத்தி ஆவாரம்பூவும் கருஞ்சீரகமும் குடி என்று எனக்கு அனுப்புகிறவர்களுக்குப் பதில் எழுத மாட்டேன். அவர்கள் அடுத்த பிறந்தநாள் வாழ்த்துக்கும் பதில் வராது.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற என் பிள்ளைகளே, வீடியோ காலில் “சுகர் எவ்வளவும்மா?” என்று மட்டும் கேட்டால், நீங்கள் சந்தோஷப்படுகிற எண்ணைத்தான் அவர்கள் சொல்வார்கள். “சாப்பிட்டீங்களா, எத்தனை மணிக்கு? மாத்திரை அதுக்கு முன்னாடியா பின்னாடியா? நைட் வேர்த்துச்சா?” என்று கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம், சாப்பாடு, மருந்து, எண் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் சகோதரி வந்தால் அவரிடமும் அந்த நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். விரதம், பயணம், கல்யாணம் என்றால் முந்தின வாரமே டாக்டரிடம் மருந்தளவைக் கேட்கட்டும்.

கமெண்டில் மருந்துப் பெயரைப் போட்டு “இதை நிறுத்தலாமா டீச்சர்?” என்று கேட்க வேண்டாம். அதை எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். மாத்திரை அட்டையில் பெயர் படிக்க முடியாவிட்டால் மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.