வாயைத் திறந்து காட்டுவோம்!

வெற்றிலை பாக்கு நமது கல்யாணத்திலும் உண்டு, கருமாதியிலும் உண்டு. விடியற்காலைப் பிரட்டுக்குப் போகும்போது மடியில் முடிந்துகொண்டதும் அதுவே. பசியை அடக்கும், களைப்பைப் போக்கும் என்று தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக மென்று வந்தார்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதல்ல. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களையே மிகுதியாகத் தாக்குகிறது. அதிலும் நம் பெண்களை.

புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் 1985இல் கூறியது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு ஒன்றே போதும் என்று 2004இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது.

இது எப்படி நேர்கிறது? நம் உயிரணுக்களுக்குள் டி.என்.ஏ. என்ற ஏடு உள்ளது. அணு இரண்டாகப் பிரியும்போது அந்த ஏடும் படி எடுக்கப்படுகிறது. அப்போது பிழை நேரும். பாக்கு, புகையிலை நஞ்சும் எழுத்துகளைக் கெடுக்கும். செக்ரோலில் ஒரு புள்ளி தவறினால் சம்பளமே மாறிவிடும் என்பதைக் கிராணிமார் அறிவர். ஆகவே பிழை திருத்தும் ஆட்களையும் இயற்கை உள்ளேயே வைத்திருக்கிறது. அவர்கள் வேலை செய்யும் விதத்தை விளக்கியதற்காகவே லிண்டால், மோட்ரிச், சன்சார் ஆகிய மூவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர்.

படி எடுத்த பிழையைத் திருத்த உதவுவது எம்.எல்.எச்.1 என்ற மரபணு. நஞ்சு ஒட்டிய எழுத்தைத் துப்புரவு செய்வது எம்.ஜி.எம்.டி. வாய், தொண்டைப் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இவை அழிந்துபோகவில்லை, வாயடைக்கப்பட்டுக் கிடக்கின்றன. மெத்தில் என்ற இரசாயன முத்திரை மரபணுவின் தொடக்கத்தில் விழுந்துவிடுகிறது. பெயர் செக்ரோலில் இருக்கிறது. பிரட்டில் கூப்பிடுவார் இல்லை! ஆள் இறங்காத தீம்பாரில் லாலான் மண்டுவதுபோல், பிழைமேல் பிழை சேருகிறது. ஏடே நிலைகுலைகிறது. அணு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது.

முத்திரையை அழிக்க முடியாதா? சில இரத்த நோய்களுக்கு அத்தகைய மருந்துகள் வழக்கில் உள்ளன. வாய்ப் புற்றுக்கோ அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. இன்று நம் கையில் உள்ள வழி, மெல்லுவதை விடுவதும் நோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும்தான்.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முழுதும் திறக்க முடியாத இறுக்கம் — இவற்றில் ஒன்று கண்டாலும் பல் மருத்துவரிடம் போக வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடக்கூடாது. தொடக்கத்தில் வலிக்காது என்பதே இந்நோயின் சூழ்ச்சி.

சுகாதார அமைச்சு 1997இல் வாய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அது தோட்டந்தோறும் தவறாமல் வரவேண்டும். தோட்டத்தை விட்டுக் குடியிருப்புகளுக்குப் போய்விட்ட நம் பெரியவர்களையும் எட்ட வேண்டும். பால் எடைக்குக் கூலி வாங்குகிறவர் ஒரு நாள் மரத்தை விட்டால் அடுப்பு எரியாது. எனவே பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு நிர்வாகங்கள் கூலி பிடிக்கக்கூடாது என்று வற்புறுத்துகிறோம்.

தோழர்களே, தாம்பூலத் தட்டு மரியாதைக்கு இருக்கட்டும். பிள்ளைகளின் வாய்க்குப் போகவேண்டாம். கூலிக்காக வாய் திறக்கக் கற்றவர்கள் நாம். உயிருக்காகவும் திறப்போம்!