ஆரஞ்சு பழுப்பானால்…

பழைய தபால்தலை சேகரிப்போரிடையே ஒரு கைவைத்தியம் உண்டு. ஆரஞ்சு நிறத் தபால்தலை பழுப்பாகிவிட்டால் அதன்மீது நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவுவார்கள். சிறிது நேரத்தில் பழுப்பு நீங்கி ஆரஞ்சு தெரியும். பார்க்க வியப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இந்த வைத்தியம் வேண்டாம் என்பதே என் கட்சி.

19-ஆம் நூற்றாண்டின் மஞ்சள், ஆரஞ்சு மைகள் பலவற்றில் காரீய குரோமேட் போன்ற காரீயச் சேர்மங்களே நிறமிகளாக இருந்தன. காற்றில் சிறிதளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் போதும். மையின் மேற்பரப்பிலுள்ள காரீயம் கறுப்பு நிறக் காரீய சல்ஃபைடாக மாறிவிடும். அடியில் ஆரஞ்சு, மேலே மெல்லிய கறுப்பு. இரண்டும் கலந்து நம் கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகின்றன. 1861-இல் அமெரிக்கா வெளியிட்ட 30 சென்ட் ஆரஞ்சுத் தபால்தலையில் இப்படிப் பழுப்பேறியவை உண்டு. சேகரிப்போர் இதை 'ஆக்சிஜனேற்றம்' என்பார்கள். அது தவறு, இது கந்தகத்தின் வேலை. உண்மையான ஆக்சிஜனேற்றம் நடப்பது வைத்தியத்தின்போதுதான்!

பெராக்சைடு, கறுப்பான காரீய சல்ஃபைடை ஆக்சிஜனேற்றம் செய்து வெள்ளை நிறக் காரீய சல்பேட் ஆக்குகிறது. அந்த வெள்ளைப் படலத்தின் ஊடே அடியிலுள்ள ஆரஞ்சு தெரிகிறது. அழிந்துபோன குரோமேட் திரும்பி வரவில்லை. பழைய மாற்றத்தின்மேல் புதிதாக இன்னொரு மாற்றத்தை நாம் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

"பெராக்சைடு வேண்டாம், வெறும் தண்ணீரில் கழுவலாமே" என்பீர்கள். அதிலும் ஆபத்து உண்டு. 1840-இல் வந்த கறுப்பு பென்னித் தலையின்மீது குத்திய சிவப்பு முத்திரையைச் சிலர் அழித்துவிட்டு, தலையை மீண்டும் பயன்படுத்தினார்கள். அதனால் 1841-இல் தலை சிவப்பாகவும், முத்திரை கறுப்பாகவும் மாறின. 1883-84-இல் பிரிட்டன் இன்னும் ஒருபடி மேலே போய், நனைத்தால் கரையும் மைகளிலேயே இளம் ஊதா, பச்சைத் தலைகளை அச்சிட்டது. அந்தப் பச்சைத் தலையைத் தண்ணீரில் போட்டால் மஞ்சள் பாய்ந்துவிடும். திருடனுக்கு வைத்த பொறியில் இன்று சேகரிப்போர் மாட்டிக்கொள்கிறார்கள்!

ஓவியங்களைச் செப்பனிடுவோரும் கறுத்த வெள்ளைக் காரீயத்துக்குப் பெராக்சைடைப் பயன்படுத்துகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நல்ல காட்சியகங்களில் எங்கே, எதைக்கொண்டு, எப்போது செய்தார்கள் என்று எழுதி வைப்பார்கள். தபால்தலையை வெளுத்தவர் அதை வாங்குபவரிடம் சொல்வாரா? இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. பழுப்பேறிய தலையை 'அரிய வண்ணப் பிழை' என்று கூடுதல் விலை சொல்வது! நிறத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

தலையைத் தொடாமலே சோதிக்க வழியுண்டு. 1928-இல் சர் சி. வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறலே அதற்கு உதவுகிறது. காரீய குரோமேட்டும் காரீய சல்பேட்டும் ராமன் நிறமாலையில் வெவ்வேறு இடங்களில் கோடுகளைக் காட்டும். வெளுத்த தலை எது என்று அதில் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் கருவி உங்கள் பள்ளியில் இராது. ஆல்பத்தை ரப்பர் பட்டை போட்டுக் கட்டாமலிருக்க எந்தக் கருவியும் தேவையில்லை. ரப்பரை வலுவாக்கச் சேர்ப்பதும் கந்தகம்தானே!