அப்பா போய் ஏழு மாசம், எனக்கு எதுக்குப் பந்தயம்?

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை.

செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பலெர்மோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு கடற்கரை ஊரில் நானும் ரெண்டு நண்பர்களும் எங்கள் முதல் டிரையத்லானை முடித்தோம். கடலில் 750 மீட்டர் நீச்சல், கரையேறின கையோடு 20 கிலோமீட்டர் சைக்கிள், சைக்கிளை மாட்டிவிட்டு 5 கிலோமீட்டர் ஓட்டம். இதுக்கு 'ஸ்பிரிண்ட்'னு பேரு, ஒலிம்பிக்கில் வைக்கிறது இதைப்போல ரெண்டு மடங்கு. கடைசிக் கோட்டைத் தாண்டும்போது யாரோ எடுத்த படத்தில் நான் சிரிச்சுக்கிட்டிருக்கேன். சும்மா புன்னகை இல்ல, பல்லெல்லாம் தெரியுது. அதை நான் தம்பிக்கு அனுப்ப, அவன் பெருமையா குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட, சித்தப்பா ஒரே வரியில் முடிச்சிட்டார்.

"அண்ணன் போயி ஏழு மாசந்தான் ஆவுது. புள்ளைக்கு அதுக்குள்ள பந்தயம் கேக்குதா?"

அதுக்கப்புறம் குரூப்பில் ரெண்டு நாள் யாரும் 'குட் மார்னிங்' கூடப் போடலை. என்ன பதில் சொல்றதுன்னு ஒரு மாசமா மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருக்கேன். சித்தப்பாகிட்ட சொல்ல முடியாது. அதான் உங்ககிட்ட.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். போன பிப்ரவரி. ஊரில் விடிகாலை அஞ்சு மணி, இங்கே ராத்திரி பன்னிரண்டரை. போன் பண்ணினது இதே சித்தப்பாதான். விஷயத்தைச் சொல்லிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு கேட்டார்: "பிரீசர் பாக்ஸ் சொல்லவா தம்பி, இல்ல எடுத்துடவா?"

நான் கணக்குப் போட்டேன். பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்துட்டு வெறும் ரசீதோடு இருந்த நேரம். ரசீதை வச்சுக்கிட்டு இன்னொரு ஐரோப்பிய நாட்டு வழியா மாறிப் போக முடியாது, ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ நேரா வெளியே போகிற விமானம்தான் பிடிக்கணும். பலெர்மோ, ரோம், வளைகுடா, திருச்சி, அங்கிருந்து கார். எப்படிப் பார்த்தாலும் ஒண்ணரை நாள். டிக்கெட் விலையையும் பார்த்தேன். பார்க்கலைன்னு சொன்னா அது பொய்.

"எடுத்துடுங்க சித்தப்பா."

மூத்த பிள்ளை நான். எங்க பக்கம் அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன். தம்பி வச்சான். குடத்தைத் தோளில் வச்சு மூணு சுத்து சுத்தி, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு ஓட்டை போட்டு, கடைசியில் பின்னால் போட்டு உடைச்சான். எனக்கு அறை பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு சந்தில். அந்தத் தியேட்டரைப் பார்க்காதவங்களுக்காக: 1874-ல் திறந்தது, முகப்பு வளைவுக்கு மேலே நாலு குதிரை பூட்டின வெண்கலத் தேர், பக்கத்துக்கு ஒருத்தனா குதிரைவீரர்கள். ஊரில் சடங்கு நடந்துக்கிட்டிருந்த நேரம் இங்கே நடுப்பகல். நான் அந்தத் தியேட்டரைச் சுத்திச் சுத்தி நடந்துக்கிட்டிருந்தேன். வேணும்னு செய்யலை. உட்கார முடியலை, அவ்வளவுதான். கடைப் பைகளோட போன ஜனங்க இவன் ஏதோ வழி தெரியாம முழிக்கிறான்னு நெனைச்சிருப்பாங்க. ஒரு பாட்டி நிறுத்தி, எங்கே போகணும்னு கேட்டுச்சு.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிட்டேன். மொட்டை போட்டுக்கிட்டேன். ஆனா நான் போனப்ப செய்றதுக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. சாம்பலைக் கரைச்சாச்சு. பந்தல்காரன், சமையல்காரன் எல்லாம் பேசியாச்சு. தம்பி இளைச்சுப் போயிருந்தான், குரல் கட்டியிருந்தது, உள்ளங்காலில் கொப்புளம். எனக்கு அவனைப் பார்த்துப் பொறாமையா இருந்துச்சு. கேவலமான நினைப்புதான், ஆனா அதுதான் உண்மை.

அம்மா ஒண்ணு சொன்னாங்க. "யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடல, யாருக்குப் பாய் வேணும்னு பாத்துக்கிட்டே இருந்ததுல எனக்கு அழவே நேரமில்லடா." இத எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கேன், சும்மா சொல்றதுன்னு நெனைச்சிருந்தேன். நம்ம சாவு வீட்டை நல்லா யோசிச்சுப் பாருங்க, முழுக்க முழுக்க உடம்பு வேலை. பொம்பளைங்க வட்டமா உட்கார்ந்து மாரடிச்சு ஒப்பாரி வைக்கணும். ஆம்பளைங்க பாடையைத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட நடக்கணும். வயசானவங்க சாவுன்னா பறைக்கு ஆட்டமே உண்டு. துக்கத்தை உட்கார்ந்து யோசிங்கன்னு நம்ம ஆளுங்க யாரும் சொல்லலை. போய்த் தண்ணி எடுத்துட்டு வான்னு சொன்னாங்க. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது. அவனுக்குக் கிடைக்கிறது ஒரு போன், ஒரு வீடியோ கால், அப்புறம் மறுநாள் காலை எட்டரை மணி வகுப்பு.

டிரையத்லானுக்கு ஜனவரியிலேயே மூணு பேரும் பேர் கொடுத்துப் பணமும் கட்டியிருந்தோம். இத்தாலியில் போட்டின்னா சும்மா ஓடிட முடியாது. 1982-லிருந்தே சட்டம், விளையாட்டு மருத்துவர்கிட்ட போய் இசிஜி எடுத்து, குழாயில் மூச்சை ஊதிக் காட்டி, 'இவன் சாக மாட்டான்'னு சான்றிதழ் வாங்கணும். அதெல்லாம் முடிச்ச பிறகுதான் அப்பா போனது. திரும்பி வந்து, நான் வரலைன்னு சொன்னேன். என் வகுப்பு சிசிலிக்காரன் சரின்னான். இங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்து நண்பனும், "ஓம் மச்சான், பிரச்சினையில்ல" என்றான். ஆனா மே மாசம் கடல் சூடானதும் வாரத்தில் மூணு நாள் காலை ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கீழே நின்னு பெல் அடிக்க ஆரம்பிச்சாங்க. நீச்சல் உடுப்பை எடுத்துக்கிட்டு வான்னு மட்டும் சொல்வாங்க. போட்டியைப் பத்திப் பேச்சே இல்லை.

மொண்டெல்லோவில் நீந்தினோம். நான் காவிரிக்காரன். முதுகில் காய்ஞ்ச சுரைக்காயைக் கட்டி அப்பா தண்ணியில் தள்ளிவிட்டுக் கத்துக்கொடுத்த நீச்சல், தலையைத் தூக்கிக்கிட்டே அடிக்கிறது. கடலில் 200 மீட்டருக்கு மேல் தாங்கலை. நண்பன் விடுவானா? "எங்கட ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-ல பாக்குநீரிணையைப் போய்த் திரும்பி நீந்தினவர். நீ என்னடாண்டா இந்த மிதவைக்கே மூச்சு வாங்குறாய்." அவர் 1984-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்தப் போய் அங்கேயே இறந்துபோனார், அதையும் சொல்லுடான்னு நான் சொல்லலை.

இங்கே ஒரு மலை இருக்கு, மொந்தே பெல்லெக்ரீனோ. அதில் சுமார் 430 மீட்டர் உயரத்தில் ஒரு குகைக்குள் சாந்தா ரொசாலியா கோயில். 1624-ல் பலெர்மோவில் கொள்ளைநோய் வந்தப்ப அவளோட எலும்புகளை ஊரைச் சுத்தி எடுத்துப் போனதும் நோய் நின்னுச்சுன்னு நம்பிக்கை. பலெர்மோவின் ஈழத்தமிழர்கள், சைவர்களும் கத்தோலிக்கர்களும், அந்த மலைக்குப் பல வருஷமா நடந்தே ஏறுறாங்க. எங்க சைக்கிள் பயிற்சிக்கும் அந்த ஏத்தம்தான் வசதி. ஆனா அம்மா போனில் சொல்லியிருந்தாங்க, "வருஷம் திரும்புற வரைக்கும் மலை ஏறாதடா." அவங்க மனசில் இருந்தது திருப்பதி, பழனி. சாந்தா ரொசாலியாவை அவங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் நான் ஏறலை. அவங்க ரெண்டு பேரும் ஏறி இறங்குற வரைக்கும் அடிவாரத்தில் ஃபவோரிதா பூங்காவில் சமதரையில் சைக்கிளை உருட்டிக்கிட்டிருப்பேன். போட்டிக்குப் போறவன் இதை மட்டும் ஏன் கடைப்பிடிச்சேன்னு கேட்டா எனக்கே தெரியலை.

இதை நண்பனோட அம்மாகிட்ட சொன்னேன். அவங்க சிரிச்சிட்டாங்க. "ரொசாலியாவுக்கு என்ன தம்பி துடக்கு?" என்றார்கள். அப்புறம் மெதுவா, "அங்க சண்டை நேரம். அம்மா செத்தது எனக்குக் கிழமை கழிச்சுத்தான் தெரியும். போக ஏலாது. சோறு வடிச்சுப்போட்டு வெளிக்கிட்டு மலையில ஏறினனான். பிறகு அண்ணாவுக்கும் ஏறினன்" என்றார்கள். இந்த ஊரில் அப்படி எத்தனை பேர் இருப்பாங்க? என்னை மாதிரி 'எடுத்துடுங்க'ன்னு சொல்ற வாய்ப்புகூட இல்லாதவங்க. எங்க குரூப்பில் உட்கார்ந்து முறை பேசுறவங்களைவிட இவங்களுக்கு இந்த விஷயம் தெரியும்னு நான் நெனைக்கிறேன்.

இப்ப சித்தப்பா கேள்விக்கு வரேன்.

1999 உலகக் கோப்பை நடுவில் டெண்டுல்கரோட அப்பா இறந்தார். ஊருக்கு வந்து காரியம் பார்த்துட்டு, அம்மா போகச் சொன்னதும் இங்கிலாந்து திரும்பி, மே 23 அன்னிக்கு பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிரா 140 அடிச்சு வானத்தைப் பார்த்தார். அன்னிக்கு டிவி முன்னாடி கண்ணைத் துடைச்சதில் சித்தப்பாவும் ஒருத்தர்னு அப்பா சொல்லியிருக்கார். 2020 நவம்பரில் சிராஜ் ஆஸ்திரேலியாவில் இருந்தப்ப ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டின அவரோட அப்பா இறந்தார். திரும்பிப் போறியான்னு கேட்டாங்க, போகலை. அந்தத் தொடரில் 13 விக்கெட், பிரிஸ்பேனில் ஒரே இன்னிங்ஸில் அஞ்சு. 2021 ஜனவரியில் ஊருக்கு வந்தவர் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குக்கூடப் போகாம நேரா அப்பா கல்லறைக்குப் போனார். யாராச்சும் கேட்டோமா, உனக்கு அதுக்குள்ள பந்து கேக்குதான்னு? நாட்டுக்கு ஆடினா தியாகம், நண்பர்களோட நீந்தினா திமிரா?

ஆனா சிராஜ் விஷயத்தில் பத்திரிகைங்க எழுதினதும் எனக்கு ஒவ்வலை. அத்தனையும் 'அப்பாவுக்குச் சமர்ப்பணம்'. என்கிட்டயும் ரெண்டு பேர் கேட்டாங்க, அப்பாவுக்காக ஓடினியான்னு. இல்லைங்க. எங்கப்பாவுக்கு டிரையத்லான்னா என்னன்னே தெரியாது. 'இவ்வளவு காசு கட்டி யாராச்சும் சைக்கிள் மிதிப்பானா'ன்னுதான் கேட்டிருப்பார். வேலைக்குத் தினம் எட்டு கிலோமீட்டர் சும்மா மிதிச்ச மனுஷன்.

நடந்ததைச் சொல்றேன். கடலில் இறங்கினதும் நூத்தி அம்பது பேர் கையும் காலும் மூஞ்சியில். ஒருத்தன் என் கண்ணாடியை உதைச்சான். அப்புறம் மிதவையைத் தேடுறது, மூச்சைத் தேடுறது. சைக்கிளில் சங்கிலி கழண்டு, கையெல்லாம் கிரீஸ். ஓட்டத்தில் மூணாவது கிலோமீட்டரில் தண்ணி வாங்கிக் குடிக்கும்போதுதான் சுருக்குன்னுச்சு: காலையிலிருந்து ஒரு தடவைகூட அப்பா நினைப்பு வரலை. பிப்ரவரிக்கு அப்புறம் அப்படி ஒரு மணி நேரம் இருந்ததே இல்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம். அப்புறம் வலது கால் பிடிச்சுக்கிச்சு, வெட்கப்படவும் நேரமில்லை. அம்மா சொன்ன 'அழவே நேரமில்லடா' அப்பத்தான் புரிஞ்சுது. பதினாறு நாளும் ஊரில் எல்லாருக்கும் கிடைச்ச அந்த வேலை எனக்கு ஏழு மாசம் கழிச்சு, ஊர் பேர் தெரியாதவங்க நடுவில், ஒண்ணே முக்கால் மணி நேரம் கிடைச்சுது. போட்டோவில் இருக்கிற சிரிப்பு அதுதான். துக்கம் தீர்ந்துடுச்சுன்னு யாரும் எழுதிடாதீங்க. அன்னிக்கு ராத்திரியே திரும்பி வந்துடுச்சு.

சித்தப்பா பக்கத்துக்கும் ஒரு பாயிண்ட் இருக்கு, மறைக்க மாட்டேன். வர்ஜிலோட 'ஏனியட்' காவியத்தில் அஞ்சாவது காண்டம் நடக்கிறது இதே சிசிலியில், இங்கிருந்து ரெண்டு மணி நேரத்தில் போயிடக்கூடிய திராப்பனி பக்கம். ஏனியாஸ் அங்கேதான் அப்பாவைப் பறிகொடுத்தான். அந்த அப்பா நினைவா படகுப் பந்தயம், ஓட்டம், குத்துச்சண்டை, வில்வித்தைன்னு போட்டி வைக்கிறான். ஆஹா, மாட்டினார் சித்தப்பான்னு துள்ளிக்கிட்டு முழுசாப் படிச்சா, அவன் வருஷம் திரும்பின பிறகுதான் வைக்கிறான். அதுவும் அவன் ஓடலை, பரிசு மட்டும் கொடுக்கிறான். என்னமோ போங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே ஒரு சித்தப்பா இருந்திருக்கார்.

போன வாரம் அம்மாகிட்ட பேசினேன். குரூப் விவகாரத்தை அவங்க எடுக்கவே இல்லை. "கடலு ஆழமாடா?" என்றார்கள். கால் எட்டாதும்மா என்றேன். "அப்புறம் எப்படி நின்னு மூச்சு வாங்குன?" நிக்க முடியாதும்மா, போய்க்கிட்டே இருக்கணும்னு சொன்னேன். "ம்" என்றார்கள். சித்தப்பாகிட்ட தான் பேசிக்கிறதா சொல்லிட்டு, சாப்பிட்டியான்னு கேட்டு வச்சுட்டாங்க.

பிப்ரவரியில் வருஷத் திதி. டிக்கெட் போட்டாச்சு, இந்தத் தடவை ரசீது இல்லை, அட்டையே கையில் இருக்கு. திரும்பி வந்ததும் மூணு பேரும் மலை ஏறுறதா இருக்கோம். நண்பனோட அம்மாவும் வராங்களாம்.

டிஸ்கி: 161 பேரில் நான் 143. சிசிலிக்காரன் 60. நம்ம யாழ்ப்பாணத்து அண்ணாத்தே 144, கடைசி நூறு மீட்டரில் நான்தான் முந்தினேன். சங்கிலி மட்டும் கழலாம இருந்திருந்தா... சரி விடுங்க :-)