நூலகருக்கு ஒரு பீரியட் கொடுங்கள்



இன்று ஆகஸ்ட் 12. தேசிய நூலகர் தினம். செப்டம்பர் 5 வந்தால் விடியற்காலையிலிருந்தே வாழ்த்து அனுப்பி என் போனைத் திணறடிக்கிறீர்கள். சந்தோஷம். இன்று உங்கள் கல்லூரி நூலகருக்கு ஒரு வாழ்த்து அனுப்பினீர்களா? அனுப்பியிருக்க மாட்டீர்கள். பாதிப் பேருக்கு அவர் பெயரே ஞாபகம் இருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. அவரும் ஓர் ஆசிரியர் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

இந்த நாள் யாருடைய பிறந்தநாள் என்பது தெரிந்திருக்கும். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 'இந்திய நூலகத் தந்தை' என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்பீர்கள். அவர் அடிப்படையில் ஒரு கணக்கு வாத்தியார் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என்று கணிதம் நடத்தியவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே அந்த வேலை அவருக்குக் கசந்துவிட்டது. வகுப்பும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, புத்தகங்களோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. பழைய கல்லூரிக்கே திரும்பிப் போய், வகுப்பறை வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். 'லண்டனுக்குப் படிக்கப் போய்விட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம்' என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் நூலகவியல் படித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். 1925-ல் திரும்பி வந்தவர் வகுப்பறையைத் தேடிப் போகவில்லை. நூலகத்தையே வகுப்பறை ஆக்கினார். அலமாரிகளைத் திறந்து விட்டார். வருகிறவர்களிடம் 'என்ன தேடுகிறீர்கள்' என்று பேசி உதவுவதையே நூலகரின் முதல் வேலை ஆக்கினார். பிற்காலத்தில் காசியிலும் டெல்லியிலும் நூலகவியல் பேராசிரியராக இருந்தார். சொல்லிக்கொடுக்க வழியில்லை என்று ஓடப் பார்த்த வேலையையே சொல்லிக்கொடுக்கும் வேலையாக மாற்றியதுதான் அவர் வாழ்க்கை என்று எனக்குத் தோன்றும்.

நம்ம பக்கத்துச் செய்தி ஒன்று. அவருடைய புகழ்பெற்ற ஐந்து நூலக விதிகள் 1931-ல் புத்தகமாக வந்தன. அதற்கு முன்பே, 1928 டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில் நடந்த மாகாணக் கல்வி மாநாட்டில் அவற்றைப் பேசிவிட்டார். அடுத்த ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அடிப்படையான அதே மீனாட்சி கல்லூரிதான். நம்ம விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சேத்தியாத்தோப்பு தாண்டிப் போய்விடும் தூரம். உலகமே பாடமாகப் படிக்கும் அந்த விதிகளைக் கல்வி மாநாட்டில், வாத்தியார்கள் கூடிய இடத்தில் சொன்னார் என்பதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐந்தையும் என் வார்த்தையில் சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்குவதற்கு. எந்த வாசகனுக்கும் அவனுக்கு ஏற்ற புத்தகம் உண்டு. எந்தப் புத்தகத்துக்கும் அதற்கான வாசகன் உண்டு. வாசகனின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே போகும் உயிர். ஐந்து கோபுரம், ஐந்து தேர், ஐந்து கொடிமரம் என்று பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்தாகப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை மனதில் வைப்பது கஷ்டம் இல்லை.

இரண்டாவது, மூன்றாவது விதிகளை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். கண்மணி குணசேகரனின் 'நடுநாட்டுச் சொல்லகராதி' ஒரு கல்லூரி நூலக அலமாரியில் இருக்கிறது என்று வையுங்கள். நம்ம அப்பாயிகள் பேசிய சொற்களைத் தொகுத்த அகராதி. அதே கல்லூரியில் வட்டார வழக்கைப் பற்றிப் புராஜெக்ட் செய்ய ஆசைப்படும் ஒரு பெண் இருக்கிறாள். அவள் மூன்று வருடம் அந்த அலமாரியைக் கடந்து போகலாம். புத்தகமாக இறங்கி வந்து அவளிடம் பேசாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு அவளைத் தெரிந்திருக்க வேண்டும். அவளுக்கும் அந்த ஆளிடம் பேசத் துணிச்சல் வேண்டும். இந்த வேலையைச் செய்கிறவரை ஆசிரியர் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

இது பழைய காலத்துக்கான பேச்சு என்று நினைக்காதீர்கள். இன்றைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது.

மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள் நாட்டின் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. முன்பு ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை, இன்று சிறிய ஊர் அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வழி வந்திருக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளைக்கு 13,000 ஆய்விதழ் என்பது திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த கதை. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, வந்து விழும் ஆயிரத்தில் எதை எடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது என்று யார் உட்கார்ந்து காட்டுவார்கள்?

இன்னொன்று. தரமான ஆய்விதழ்கள் இவை என்று யு.ஜி.சி. ஒரு பட்டியல் வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். எது நல்ல இதழ், எது காசு பிடுங்கும் போலி என்பதை இனி அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்ய வேண்டும். கல்லூரியில் இதற்கென்றே படித்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால் அது நூலகர்தான்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது பிஎச்.டி. செய்கிறாள். போன வருடம் ஒரு மெசேஜை எனக்கு அனுப்பினாள். மூன்றே நாளில் அவள் கட்டுரையைச் சர்வதேச இதழில் போடுவார்களாம். பணம் மட்டும் உடனே கட்ட வேண்டுமாம். 'கட்டலாமா சார்?' என்று கேட்டாள். 'எனக்கு என்னம்மா தெரியும், உங்க லைப்ரரியன்கிட்ட கேளு' என்றேன். அதற்கு அவள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. 'லைப்ரரியன்கிட்டயா? அவர்கிட்ட இதெல்லாம் கேக்கலாமா சார்?'

கேட்டாள். அவர் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறது என்பது மட்டும் தரத்துக்குச் சான்று இல்லை, அது அடையாள எண் மட்டுமே. ஆசிரியர் குழுவில் போட்டிருந்த பேராசிரியர்களின் சொந்தப் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்த இதழைப் பற்றிப் பேச்சே இல்லை. மூன்று நாளில் யாரும் ஒழுங்காக மதிப்பீடு செய்ய முடியாது. ஆக, போலி. அவளுக்குப் பணமும் மிச்சம், மானமும் மிச்சம். எனக்கு உறுத்துவது வேறு. ஐந்து வருடக் கல்லூரிப் படிப்புக்குப் பிறகும், நூலகரிடம் இதைக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

'கூகுள் இருக்கே, இப்ப சாட்ஜிபிடியும் வந்துடுச்சு, இனி நூலகர் எதுக்கு?' என்று என் தங்கை மகன் கேட்டான். 2023-ல் நியூயார்க்கில் நடந்ததைச் சொன்னேன். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிக் கொடுத்த பழைய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் அப்படியே நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிட்டார்கள். அப்படி வழக்குகளே நடந்ததில்லை. 5,000 டாலர் அபராதம். படித்த வக்கீல்களுக்கே இந்த நிலை என்றால் நம்ம பிள்ளைகள்? மேற்கோள் காட்டிய கட்டுரை நிஜமாகவே இருக்கிறதா என்று தேடிச் சரிபார்க்கும் பழக்கத்தை யாராவது கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு 'தகவல் எழுத்தறிவு' என்று பெயர். அமெரிக்காவில் பால் சுர்கோவ்ஸ்கி என்பவர் 1974-லேயே அந்தச் சொல்லைக் கொண்டுவந்துவிட்டார். அங்கே கல்லூரி நூலகர்கள் அதை வகுப்பாகவே எடுக்கிறார்கள்.

'அதைப் பாட ஆசிரியரே சொல்லிக்கொடுக்கலாமே' என்பீர்கள். சொல்லலாம், சிலர் சொல்கிறார்கள். ஆனால் வரலாற்று ஆசிரியருக்கு வரலாற்று ஆதாரங்கள் தெரியும். நூலகருக்கு எல்லாத் துறையிலும் தேடத் தெரியும். நம்ம ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். செராமிக் படிக்கும் பையன் மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டரைப் பற்றி எழுத வேண்டும் என்றால், 'ஐ.எஸ். 731' என்ற இந்தியத் தர ஆவணத்தைப் பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் அதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். பாடப்புத்தகத்தைத் தாண்டி இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லும் ஒரு வார்த்தை, அவன் நாளைக்குத் தொழிற்பேட்டையில் சூளை போட்டால்கூடக் கைகொடுக்கும்.

இப்போது நூலகர்கள் பக்க நியாயம். 2018 யு.ஜி.சி. விதிகளின்படி கல்லூரி நூலகராக வருகிறவருக்கு முதுகலைப் பட்டமும், அதற்குமேல் நெட், ஸ்லெட் அல்லது பிஎச்.டி.யும் வேண்டும். ஆரம்பச் சம்பள நிலையும் உதவிப் பேராசிரியருக்கு உள்ளதே. ஆனால் அந்த விதியின் தலைப்பிலேயே 'ஆசிரியர்கள்' தனி, 'பிற கல்விப் பணியாளர்கள்' தனி. நூலகர் இரண்டாவது கூட்டத்தில். படிப்பும் சம்பளமும் சமம், பெயர் மட்டும் 'பிற'. பல கல்லூரிகளில் ஒரே ஆள்தான் புத்தகம் கொடுத்து, வாங்கி, முத்திரை குத்தி, தணிக்கைக்கும் கணக்குக் காட்டுகிறார். அவரிடம் 'ஏன் பாடம் நடத்தவில்லை' என்று கேட்பது நியாயம் இல்லை.

பூட்டிய பீரோவின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் தன் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம். மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளைப் பாருங்கள். ஆண்டில் புழங்கும் 1,000 புத்தகத்துக்கு 5 தொலைவது இயல்பு, நேர்மைக்குறைவோ அலட்சியமோ இல்லாதவரை சரி என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அரிய நூல், விலை உயர்ந்த நூல் என்றால்தான் கட்டாய விசாரணை. புழங்கினால் நாலு தொலையத்தான் செய்யும். ஒன்றுகூடத் தொலையாத நூலகத்தில் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். நிர்வாகத்தில் இருக்கும் என் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். பயத்தை எடுத்தால்தான் பூட்டு கழலும்.

முடிவாக நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, முதலாண்டு மாணவர்களின் டைம்டேபிளில் வாரம் ஒரு பீரியட் நூலகருக்கு. 'நூலக நேரம்' என்று போட்டு மணி அடிக்கும்வரை பேப்பர் படிக்க விடுவது இல்லை, பயிற்சியும் மதிப்பெண்ணும் உள்ள நிஜ வகுப்பு.

இரண்டு, புராஜெக்ட் செய்யும் ஒவ்வொரு பிள்ளையும் தலைப்பை முடிவு செய்யும் முன் ஒரு தடவை நூலகரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்று, கவுன்டரில் முத்திரை குத்த ஓர் உதவியாளர். இது இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது.

உங்களில் பலர் இன்று பேராசிரியர்கள், சிலர் முதல்வர்கள், கல்விக்குழு உறுப்பினர்கள். அதிகாரம் உங்கள் கையில். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுகிற ஊர்க்காரன் நான். இதை உங்களிடம் கட்டிய பிராதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கப் போனால் ஹாஸ்டல், கேன்டீன், பஸ் எல்லாம் விசாரிக்கிறோம். கூடவே 'இங்க லைப்ரரியன் யாருங்க?' என்று கேட்டு, பிள்ளையைக் கூட்டிப் போய் ஒரு வணக்கம் சொல்ல வையுங்கள். முதல் நாளே முகம் தெரிந்துவிட்டால், அப்புறம் கேட்கத் தயங்காது.

உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நூலகர் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன்.

வாழ்க வளமுடன்.