மறுக்கும் உரிமையும் காரணம் கூறும் கடமையும்

கடன் கொடுக்குமாறு எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. ஒருவருக்கு ஐந்தாண்டுகள் கடன் அட்டை வழங்கிய பாங்கோ சங்கமோ, காலம் முடிந்தபின் அதைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கூறுமானால், அவ்வாறு கூற அதற்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘மாட்டோம்’ என்ற ஒரு சொல்லோடு அதன் பொறுப்புத் தீர்ந்துவிடுகிறதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வி.

அருமனைப் பகுதியில் நாம் அறிந்த விவசாயி ஒருவரின் அனுபவம் இக்கேள்வியை நம் முன் நிறுத்தியது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவருடைய ரப்பர் மரங்களிற் பெரும்பாலானவை சாய்ந்தன. மறுநடவு செய்த ரப்பர் பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ ஏழாண்டுகள் ஆகும். அதுவரை, முதலில் ஊடுபயிராகவும் பின்னர்ப் பாட்டத்துக்கு எடுத்த நிலத்திலும் ஏத்தன் வாழையும் மரச்சீனியும் வைத்தே அவர் குடும்பத்தை நடத்தினார். உரத்துக்கும் கூலிக்கும் கைகொடுத்தது உழவர் கடன் அட்டை ஒன்றே. தவணை தவறாமல் கட்டியும் வந்தார்.

அட்டையின் காலம் முடிந்ததும் புதுப்பிக்கச் சென்றார். ‘மேலிடத்தில் ஆகவில்லை’ என்ற பதிலே கிடைத்தது. மூன்று முறை நடந்தார். காரணத்தை எவரும் கூறவில்லை. ஓணச் சந்தையை எண்ணி வைத்த வாழைக்கு உரமிடும் பருவம் அது. மனைவியின் நகை வட்டிக்கடைக்குப் போயிற்று. பின்னரே விஷயம் வெளிப்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் கடனுக்கு அவர் ஜாமீன் நின்றிருந்தார். அக்கடன் அடைந்து தீர்ந்த பிறகும், கடன் தகவல் அறிக்கையில் அது பாக்கியாகவே நின்றிருக்கிறது. முதல் நாளே இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால், நகை வீட்டைவிட்டு வெளியேறாமலே தீர்ந்திருக்கக் கூடிய காரியம் இது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். கடனாகக் கொடுக்கப்படும் பணம் நிர்வாகிகளின் சொந்தப் பணம் அன்று. அது வைப்புத்தொகை போட்டவர்களின் பணம். பழைய பாக்கியைப் புதுக் கடனில் கழித்து, ஒரு ரூபாயும் கைமாறாமல் புத்தகத்தில் மட்டும் புதுப்பித்துக் கொண்டே போன சங்கங்கள் எந்நிலைக்கு வந்தன என்பதை ஆய்வுத் தொழிலில் இருக்கும் நாம் நன்கு அறிவோம். மறுக்கத் தெரியாத சங்கம் நிலைப்பதில்லை. 1998ஆம் ஆண்டு நபார்டு வகுத்த மாதிரித் திட்டத்தின்படி தோன்றி, 2012இல் திருத்தியமைக்கப்பட்ட உழவர் கடன் அட்டைத் திட்டமும், ஆண்டுதோறும் கணக்கை மறுபரிசீலனை செய்து, வரம்பைத் தொடரவோ உயர்த்தவோ நிறுத்தவோ பாங்குக்கு இடமளித்தது. ஆகவே மறுப்பது குற்றமன்று. காரணத்தை மறைப்பதே குற்றம்.

இது நம்முடைய தனிக் கருத்து மட்டும் அன்று. 2 லட்ச ரூபாய் வரை கடன் கேட்கும் சிறு கடனாளிகளின் மனுவை நிராகரித்தால், அதன் முக்கியக் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2003ஆம் ஆண்டிலேயே பாங்குகளுக்கு வழிகாட்டியது. 2007இல் தொகை வரம்பின்றி எல்லா வகைக் கடன்களுக்கும், கடன் அட்டை மனுக்களுக்கும் இதை விரிவாக்கியது. கடைகளில் தேய்க்கும் கடன் அட்டைகள் பற்றி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளில், அட்டையை முடக்கினாலோ நிறுத்தி வைத்தாலோ அச்செய்தியைக் காரணத்தோடு வாடிக்கையாளருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலும், 1974ஆம் ஆண்டின் சம கடன் வாய்ப்புச் சட்டமும் அதன் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் கடன் மறுக்கப்பட்டவருக்குக் காரணம் அறியும் உரிமையை அளித்தன. அந்நாட்டில் பெரும் பாங்குகள் இதனால் நொடித்துப் போய்விடவில்லை.

2022ஆம் ஆண்டு நெறிமுறைகளின் கடன் அட்டைப் பகுதி மாநிலக் கூட்டுறவு பாங்குகளுக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்குகளுக்கும் பொருந்தாது என விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, ‘நமக்கு அந்த விதி இல்லையே’ என்று கூறுவோர் நம்மிடையே உண்டு. விதி இல்லாத இடத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. தனியார் பாங்கு தன் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியதை, கூட்டுறவு ஸ்தாபனம் தன் அங்கத்தினருக்குச் சொல்லத் தேவையில்லை என்றால், கூட்டுறவு என்ற பெயர் நமக்கு எதற்கு?

சென்னை மாகாணத்துக்காக 1895லும் 1897லும் அறிக்கை அளித்த பிரெடரிக் நிக்கல்சன், ஜெர்மனியின் ரைபைசன் முறைச் சங்கங்களையே நமக்கு எடுத்துக்காட்டினார். ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் கூடி, நாணயத்தையே ஈடாகக் கொண்டு கடன் வழங்குவது அம்முறை. 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் திருவள்ளூரை அடுத்த திரூரில் பதிவான சங்கம் தொட்டு, நம் இயக்கம் இவ்வடிப்படையில் வளர்ந்ததே. முகம் அறிந்தவரிடம் மறுப்பைச் சொல்லும்போது காரணத்தையும் முகம் பார்த்தே சொல்ல வேண்டாமா? அங்கத்தினர் சங்கத்தின் கதவைத் தட்டும் அந்நியர் அல்லர்; பங்கு செலுத்திய சொந்தக்காரர்.

இதை எழுதும் நாமும் குற்றமற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆய்வுக் குறிப்பில் ‘பரிந்துரை இல்லை’ என்று இரண்டே சொற்களை எழுதிக் கையொப்பமிட்டு அடுத்த கோப்பை எடுத்த நாட்கள் நமக்கும் உண்டு. அவ்விரண்டு சொற்கள் ஒரு வீட்டில் என்ன செய்திருக்கும் என்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அருமனை விவசாயியைச் சந்தித்த பின்னர், காரணம் எழுதாமல் கையொப்பம் இடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

நெசவாளர் நிலையும் வேறன்று. முத்ரா கடனோ சங்கத்துக்கு வரும் காசுக்கடனோ பருவத்தில் புதுப்பிக்கப்படாவிட்டால் நூல் வராது. நூல் வராவிடில் பாவு இல்லை. பாவு இல்லாவிடில் தறி நிற்கும். காரணம் தெரியாத நெசவாளர், தம் கூலியே குறைவாக இருக்கும்போது, கைமாற்றுக்கு அலைவதைத் தவிர வேறென்ன செய்வார்?

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு நாம் மூன்று யோசனைகளைக் கூறுவோம். முதலாவது, புதுப்பிக்க இயலாது என்று தெரிந்தால், பருவம் தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். இரண்டாவது, காரணத்தைத் தமிழில், அங்கத்தினருக்கு விளங்கும்படி எழுதிக் கொடுங்கள். ‘மேலிடம்’ என்பது காரணம் ஆகாது. மூன்றாவது, குறையைத் திருத்திக் கொண்டுவர ஒரு வாய்ப்புக் கொடுங்கள். இயற்கைச் சீற்றத்தால் பின்தங்கியவரை, ஏமாற்றும் நோக்கமுள்ளவரோடு ஒரே தராசில் நிறுக்காதீர்கள். பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டை எட்டினால் குறுகிய காலக் கடனின் தவணையை நீட்டி மாற்றியமைக்க ரிசர்வ் பாங்கின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள் வழி செய்ததன் கருத்தும் இதுவே.

அங்கத்தினர்களுக்கும் கடமை உண்டு. அட்டையின் காலம் முடியும் தேதியைச் சுவரில் குறித்து வையுங்கள். தவணையை நாள் தவறாமல் கட்டுங்கள். தவறாது கட்டுவோருக்கு நம் மாநிலச் சங்கங்களில் பயிர்க்கடன் வட்டியின்றியே கிடைக்கிறது என்பதை மறவாதீர்கள். ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். பிறர் கடனுக்கு ஜாமீன் நிற்குமுன் இருமுறை யோசியுங்கள். கடன் தீர்ந்ததும், தீர்ந்தது என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். கடன் தகவல் அறிக்கையை ஒவ்வொரு தகவல் நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகப் பெறலாம். அதில் பிழை இருந்தால் எழுத்து மூலம் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2023இல் ஆணையிட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதுப்பிக்க மறுத்தால், தயங்காமல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கேட்பது தகராறு செய்வதாகாது. அது உங்கள் உரிமை.

காரணம் சொல்லி மறுக்கும் சங்கத்தை அங்கத்தினர் சில நாட்கள் நொந்துகொள்ளலாம். ஆனால் குறையைத் திருத்திக் கொண்டு அதே சங்கத்துக்குத் திரும்பி வருவார். காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, அவர் போகும் இடம் வட்டிக்கடைதான். அந்த வட்டிக்கடையிலிருந்து உழவரையும் நெசவாளரையும் மீட்கவே நம் சங்கங்கள் தோன்றின என்பதை, அடுத்த மனுவில் கையொப்பமிடும் முன் நாம் அனைவரும் ஒருமுறை நினைத்துக் கொள்வோமாக.