பத்திரம் பதிவானால் நிலம் போய்விட்டதா?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களில் மானாவாரி நிலத்தின் மீது இன்று பல கண்கள். பட்டாசு ஆலை அறைகளுக்கிடையே பாதுகாப்பு இடைவெளி விட வேண்டும் என்று வெடிபொருள் விதிகள் கூறுவதால் ஆலைகளுக்குப் பரந்த இடம் தேவைப்படுகிறது. கிடங்கும் வீட்டுமனையும் அதே நிலத்தைத் தேடுகின்றன. நகரம் நெருங்கும் இத்தகைய இடங்களில் ஆள்மாறாட்டம், போலி வாரிசுச் சான்று, கைநாட்டு வாங்கிய பொது அதிகாரப் பத்திரம் ஆகியவற்றின் முதல் இலக்கு, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளாத தலித் குடும்பத்தின் நிலமே. வில்லங்கச் சான்றில் அந்நியர் பெயரைக் கண்டவுடன் "பதிவாகிவிட்டது, இனி என்ன செய்ய?" என்று பலர் ஓய்ந்துவிடுகின்றனர். சட்டம் அவ்வாறு சொல்லவில்லை.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிகிறது, உரிமையைத் தீர்மானிப்பதில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையன்று என்று கே. கோபி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தெளிவாகக் கூறி, தமிழ்நாடு பதிவு விதி 55-அ(1)ஐச் செல்லாதென அறிவித்தது. ஆகவே மோசடிக்காரரின் கையிலுள்ளது முத்திரையிட்ட காகிதம் மட்டுமே.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய 2022இல் தமிழ்நாடு கொண்டுவந்த 77-அ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நம் தோழர்கள் பலருக்கு இதில் வருத்தம். நமக்கு இரு மனம். செலவின்றி மனுக் கொடுக்கும் வழி அடைபட்டது இழப்புதான். ஆனால் சாட்சி விசாரணையின்றி ஓர் அதிகாரி பத்திரத்தை ரத்து செய்யலாமெனில், செல்வாக்குள்ளவரின் புகாரில் முதலில் ரத்தாவது யாருடைய பத்திரம்?

எனவே உரிமையியல் நீதிமன்றமே களம். இங்கே பரிகாரத்தைப் பிழையாகக் கேட்டு வழக்குகள் வீணாகின்றன. பத்திரத்தில் நாமே கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, ஏமாற்றப்பட்டிருந்தால் ரத்துக் கோர வேண்டும். மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள். நாம் கையெழுத்தே இடாத பத்திரமெனில், அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்ற விளம்புகை கேட்டால் போதும் என்பதைச் சுஹ்ரித் சிங் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. நிலம் கையை விட்டுப் போயிருந்தால் சுவாதீனத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

பஞ்சமி நிலமெனில் வாதம் இன்னும் வலுவானது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கையை அடுத்து 1892இல் வழங்கத் தொடங்கிய இந்நிலங்களைப் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம். நிபந்தனையை மீறிய கிரயத்தில் கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் அது செல்லாது. பழைய நில அளவைப் பதிவேட்டில் 'டி.சி.' என்ற குறிப்பு உள்ளதா என்று முதலில் தேட வேண்டும்; இன்றைய கணினிப் பட்டாவை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கர்நாடகம் 1978இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காக ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த தமிழ்நாட்டிலோ அத்தகைய சட்டம் இன்னும் இல்லை.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகள், பட்டியல் சாதியினரின் நிலத்தைத் தவறாக ஆக்கிரமிப்பதையும் அவர்களை வெளியேற்றுவதையும் குற்றமாக்குகின்றன. உரிமையியல் வழக்கு நிலுவையில் இருப்பதே இப்புகாரைத் தடுக்காது.

பணமில்லை என்பதும் தடையன்று. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பே கிடையாது. வழக்கறிஞரும் நீதிமன்றக் கட்டணமும் அதில் அடக்கம். விருதுநகர் மாவட்டத்தினர் திருவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் மனுக் கொடுக்கலாம். சான்றிட்ட பத்திர நகல், வில்லங்கச் சான்று, சாதிச் சான்று ஆகியவற்றோடு, மோசடி நமக்குத் தெரியவந்த தேதியையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள்.